அயோடின் சாரும் பச்சைப் பவளமும்

இந்த உலகத்தில் பிறந்தவர்களிலேயே அதிகமாகச் சந்தேகப்பட்டவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், எங்கள் மாடி போர்ஷன் அயோடின் சார்தான். போலீஸ்காரர்கள்கூட டியூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இவருக்கு அந்த ஓய்வும் கிடையாது.

ரெண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில், பெரம்பலூரில் நாங்கள் கீழே, அவர் மேலே. ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்ட். தனி ஆள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடமே, "இது இன்னைக்குக் கிழிச்ச டிக்கெட்தானா?" என்று கேட்பார். குடிவந்த அன்று என் வீட்டுக்காரர் காபி கொடுத்தார். வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க சார்" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

ஆனால் அவர் சந்தேகத்தின் முழு விஸ்வரூபத்தையும் பவளத்தில்தான் பார்த்தேன். பவளம் என்றால் மோதிரத்தில் வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இவர் மாடியில் நாலடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, உப்புத் தண்ணீர் கலக்கி, உயிருள்ள பவளம் வளர்த்தார். "கடலுக்கும் பெரம்பலூருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றேன்.

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீங்க? அரியலூர்ப் பக்கம் கல்லை உடைச்சா உள்ள சிப்பி கெடக்குது. இது கடல் இருந்த பூமி. நடுவுல கொஞ்ச நாளாத் தண்ணி இல்ல, அவ்வளவுதான்."

செம்பருத்திக் கிளையை ஒடித்து நட்டால் வளர்கிறதல்லவா, பவளமும் அப்படித்தானாம். இதே கிறுக்குப் பிடித்த சென்னை நண்பர் ஒருவர், தன் தொட்டியில் வளர்ந்ததில் விரல் அளவு வெட்டி, சின்னக் கல்லில் ஒட்டி, பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். வந்ததை அப்படியே தொட்டியில் போட முடியாது. கண்ணுக்குத் தெரியாத புழு ஒட்டியிருக்கும். அது உள்ளே போனால் தொட்டியே காலி. அதற்காக மூன்று வாளி. முதல் வாளி உப்புத் தண்ணீரில் ஓர் அலசல். இரண்டாவதில் அயோடின் கலந்த உப்புத் தண்ணீர். அதில் பத்து நிமிஷம் முக்கி வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்ச வேண்டும். மூன்றாவதில் மறுபடி அலசல். பத்து நிமிஷத்தைத் தாண்டினால் புழுவோடு சேர்ந்து பவளமும் போய்ச் சேரும்.

முக்கி எடுத்ததும் அந்த வாளிக்குள் லென்ஸ் வைத்துத் தேடுவார். புழு கிடந்தால், "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று ஒரே குதி. கிடக்காவிட்டால் முகம் தொங்கிவிடும். "ஒண்ணுமே இல்லயே டீச்சர்... எங்கயோ ஒளிஞ்சிருக்கான்."

அவரால் எங்கள் வீட்டில் கொசுவத்திக்குத் தடை. புகை மாடியேறித் தொட்டியில் இறங்குமாம்.

அப்படிப்பட்டவருக்குக் குடலிறக்கம் வந்து, திருச்சியில் ஆபரேஷன் என்றானது. சாவியை யாரிடம் கொடுப்பது? மூன்று நாள் யோசித்துவிட்டு வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தார். "தொட்டியில கை வெக்கறதுக்கு முன்னால முழங்கை வரைக்கும் கழுவிக்குங்க. சோப்பு வேணாம்."

"ஏன் சார்?"

"அதுல என்னத்தப் போடுறானோ, யாரு கண்டா?"

ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பற்றி அந்தச் சென்னை நண்பரிடம் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் நோயாளிதானே என்று மட்டமான துண்டாகப் பார்த்துத் தள்ளிவிடுவாராம். அதன் பலன், ஆபரேஷன் அன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன்.

"டீச்சர், பச்சைப் பவளம் வருது! ரெண்டு வருஷமாக் கெஞ்சிக் கேட்ட பச்சை. பஸ் ஏத்திட்டானாம். பையில சாயங்காலம் வரைக்கும் தாங்காது. என்னை இப்ப உள்ள கொண்டுபோகப் போறாங்க. நீங்கதான் முக்கணும். அது செத்துட்டா நான் வூட்டுக்கு வந்து யாரைப் பாக்கறது?"

லீவு நாள்தான். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, தெர்மகோல் பெட்டியை வாங்கி வந்து, எங்கள் ஹாலிலேயே மூன்று வாளியையும் பரப்பி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முக்கினேன். எட்டாவது நிமிஷம் வாசலில், "கேஸ்!"

சிலிண்டருக்குப் பதிவு பண்ணி இருபது நாள் ஆகியிருந்தது. விட்டால் அவன் அடுத்த தெருவுக்குப் போயிடுவான். ஓடினேன். புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினால் பன்னிரண்டு நிமிஷம். அடி பாவி! அள்ளி அலசித் தொட்டியில் வைத்தேன். பூப்போல விரிய வேண்டிய பச்சை, மூடின கைமுட்டி மாதிரி சுருங்கிக்கொண்டது. அன்று திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அயோடின் சார் வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார். பச்சை அப்போதும் மூடித்தான் இருந்தது. விசாரணை ஆரம்பித்தது.

"பை கட்டுனது சரியில்ல. அவன் வேணும்னே பண்ணியிருப்பான். பஸ் டிரைவர் இன்ஜின் மேல வெச்சு எடுத்தாந்திருப்பான். உங்க வூட்டுக்காரரு கொசுவத்தி கொளுத்தினாரா? கரண்ட் எத்தனை தடவை போச்சு? அந்த டாக்டர் ஒரு நாள் தள்ளி வெச்சிருக்கலாம்ல? அந்தாளு மேல எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்."

அடுத்தது நான்தான் என்று காத்திருந்தேன். என் பெயர் வரவே இல்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சார், நான்தான் சார். கேஸ்காரன் வந்தான்னு போயிட்டேன். பன்னெண்டு நிமிஷம் ஆயிருச்சு."

என்னையே பார்த்தார். "இருக்காது டீச்சர்."

"கடிகாரத்தைப் பாத்தேன் சார்!"

"எந்தக் கடிகாரம்?"

தையல் போட்ட வயிற்றோடு படிப்படியாக இறங்கி எங்கள் ஹாலுக்கு வந்தார். சுவர்க் கடிகாரத்தில் காது வைத்துக் கேட்டார். லென்ஸை எடுத்து முள்ளைப் பார்த்தார். "இது வேகமா ஓடுது. பத்துதான் ஆயிருக்கும். நீங்க அழுவாதீங்க."

மறுநாள் பச்சை விரிந்துவிட்டது. அந்தக் கடிகாரம் இன்றுவரை ஒரு நிமிஷம்கூடப் பிசகினதில்லை. அவர் காலி பண்ணிப் போகும்வரை அதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவே இல்லை.