அம்பியின் காதும் ஜெயராமின் பெட்டியும்

பெட்டி மறுபடியும் "ஊம்" என்றது.

ஜெயராம் பென்டிரைவைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். பதிவில் இருந்த மஹதியின் குரல் ஆலாபனையை முதலிலிருந்து ஆரம்பித்தது. மேலே போனது, திரும்பியது, சாவகாசமாகக் கீழே இறங்கி வந்தது. கீழ் ஷட்ஜத்தைத் தொட்டதும் பெட்டியும் சேர்ந்துகொண்டு உறுமியது.

"யாருன்னா அது கூடப் பாடறது?" என்று சமையலறையிலிருந்து நிஜ மஹதி கேட்டாள்.

"யாரும் பாடலை. காத்து."

"காத்துக்கு ஸ்ருதி சேரலை."

ஜெயராமுக்கு வயது நாற்பத்தெட்டு. பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தவர்களின் விபத்துகளைக் கவனிப்பார். சொந்த விபத்துகள் வீட்டில் நடக்கும், சின்ன அறையில். அங்கேதான் அவர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்வது. பெட்டி என்றால் ஆறு பலகையைச் சேர்த்து ஆணி அடிப்பதுதானே என்று நினைக்கிறவர்கள் அவரிடம் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், பிறகு ஆயுசுக்கும் அப்படி நினைக்க மாட்டார்கள். கிண்டல் செய்கிறேனே தவிர, எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதைதான். பலகையின் கனம், உள்ளே அடைபடும் காற்றின் அளவு, மூலையில் பூசும் பசை வரைக்கும் கணக்குப் பார்த்து, தன் கையாலேயே இழைத்து, ஒரு பெட்டிக்கு எட்டு மாதம் செலவழிக்கிறவரை வேறு என்ன செய்வது?

மஹதிக்கு எட்டு மாதப் பொறுமை தீர்ந்துவிட்டது. அவள் பாட்டு டீச்சர். ராஜா அண்ணாமலைபுரத்து இரண்டாவது மாடியில், ஹாலில், சோபாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே ஆறு பெண்கள் ஒடுங்கி உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். ஒருத்தி தாளம் போட்டால் பக்கத்துப் பெண்ணின் தொடையில் விழுகிறது. மஹதிக்கு அந்தச் சின்ன அறை வேண்டும்.

"ஒரே பேச்சு" என்று போன வாரம் தீர்ப்புச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அண்ணா வந்து கேக்கட்டும். அவன் வாயால தேவலைன்னு ஒரு வார்த்தை வந்துட்டா ரூம் உங்களுக்கே. இல்லேன்னா ரூம் என் கிளாஸுக்கு, பெட்டி குப்பைக்கு."

அவளுடைய அண்ணா அம்பி, கச்சேரி ரோடுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருப்பது மயிலாப்பூரிலேயே பெயர் போன காது. சபா கேன்டீனில் வடையைக் கடித்துக்கொண்டே, உள்ளே மேடையில் தம்புராவின் இரண்டாவது தந்தி ஒரு நூல் இறங்கிவிட்டது என்பார். போய்ப் பார்த்தால் இறங்கியிருக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியைக் கேட்டுவிட்டு "மூணு நாள்தான் தாங்கும்" என்றார், மூன்றாம் நாள் போயிற்று. அந்தக் காதைக் கும்பிடத்தான் வேண்டும். கூடவே வந்த வாயைத்தான் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, கல்யாணத்தன்று சொன்ன "உயரமா இருக்கார்" மட்டும்தான்.

பரீட்சை முறையையும் அவரே வகுத்திருந்தார். "பெரிய வித்வான் ரிக்கார்டெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளே. என் தங்கை குரலைப் போடுங்கோ. பொறந்து அழுத நாள்லேர்ந்து கேட்டுண்டிருக்கேன். அது மாறாம வந்தா ஒத்துக்கறேன்."

அதற்காகத்தான் மஹதி சாதகம் செய்தபோது ஜெயராம் ஒரு மணி நேரம் பதிவு செய்து வைத்திருந்தார். பத்து நாளாக அதில் முதல் ஒரு நிமிஷத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி செய்கிறவர்கள் யாரும் முழுப் பாட்டைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காபிக்கு வந்த அம்பி, போகிற போக்கில் அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டார்.

"குரல் மஹதியோடதுதான்" என்றார். ஜெயராமின் முகம் மலர்ந்தது. "ஆனா அவ ஏன் தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்துண்டு பாடறா?"

"குழாயோட நீளம் போறலை. நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"பண்ணுங்கோ. குழந்தைக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கப் போறது."

பெட்டியின் முன்பக்கம் ஒரு வட்டத் துளை, துளைக்குள் பிவிசி குழாய். உள்ளே இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் மூச்சு விடும். குழாய் குட்டையாக இருந்தால் ஏதாவது ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டி உறுமும். நீட்டினால் உறுமல் கீழே இறங்கி, பாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கும். இன்னும் மூன்று அங்குலம் வேண்டும் என்று கணக்குச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தைவெளியில் இரண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனார். இரண்டும் மூடியிருந்தன.

வீட்டுக்குத் திரும்பியவரின் கண்ணில் வாஷிங் மெஷின் பட்டது. பின்னால், தண்ணீர் வெளியேறுவதற்காகச் சுவரோரம் இறங்கும் குழாய். அதே பிவிசி, அதே சுற்றளவு. ரம்பத்தை எடுத்தார். நாளைக்கு வேறு வாங்கி ஒட்டிவிடலாம் என்று நினைத்தார். மஹதியிடம் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தார். நினைத்ததோடு சரி.

உறுமல் போயே போய்விட்டது. ஆனால் உறுமல் போன இடத்தில் இன்னொன்று தெரிந்தது. மஹதி ஒரு ஸ்வரத்தைப் பாட, பெட்டியின் பின்பலகை அதைத் திருப்பிச் சொன்னது. குரு பாட, சிஷ்யை பாடுவது போல. உள்ளே எதையாவது மெத்தென்று வைத்தால்தான் அந்த எதிரொலி அடங்கும்.

"என் தலகாணி எங்கே?" என்று ஒன்பதரை மணிக்கு மஹதி கேட்டாள்.

"நல்ல காரியத்துக்குப் போயிருக்கு."

தலையணையின் இலவம் பஞ்சு முழுவதும் பெட்டிக்குள் போயிருந்தது. எதிரொலி செத்தது. கூடவே குரலின் உயிரும் பாதி போய், மஹதி கனத்த போர்வைக்குள்ளிருந்து பாடினாள். போதாததற்கு, பெட்டி மூச்சு விடும்போதெல்லாம் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சு பறந்தது. ஜெயராம் அறைக் கதவைச் சாத்த மறந்திருந்தார். ஹாலில் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"மிஸ், ஸ்நோ!" என்றாள் கடைசியாக உட்கார்ந்திருந்த பெண். பிறகு தும்மினாள். மற்ற ஐந்து பேரும் தொடர்ந்தார்கள். ஆறு தும்மலும் ஆறு ஸ்ருதியில் இருந்தன. வகுப்பு அத்துடன் கலைந்தது.

மஹதி எழுந்தாள். பஞ்சு படிந்த விரிப்புகளையும் ஜன்னல் திரைச்சீலைகளையும் வாரி எடுத்துக்கொண்டு போனாள். அவள் பேசாமல் இருந்தால் கோபம், பாடிக்கொண்டே வேலை செய்தால் மகா கோபம். இப்போது பாடிக்கொண்டிருந்தாள்.

ஜெயராம் அசரவில்லை. பஞ்சை முக்கால்வாசி வெளியே எடுத்தார். பீரோவிலிருந்து டில்லியில் வாங்கிய கம்பளியை எடுத்து வெட்டி, உள்பக்கம் மூன்று பலகைகளில் மட்டும் ஒட்டினார். சென்னையில் கம்பளிக்கு வேறு என்ன வேலை? மிச்சப் பஞ்சைத் துணியில் முடிந்து பின்மூலையில் கட்டினார். பதினாறு திருகாணிகளையும் முடுக்கினார். இந்தத் தடவை சரியாக வரும் என்று அவருடைய கைக்குத் தெரிந்தது. வேலை தெரிந்தவர்களின் கைக்கு அப்படித் தெரியும்.

சுவிட்சைப் போடப் போனபோது காலில் ஜில்லென்று பட்டது.

விரிப்புகளைத் துவைத்த தண்ணீரை மெஷின் தன் வழக்கப்படி குழாயில் விட்டிருந்தது. குழாய்தான் இல்லை. சோப்பு நுரையோடு வெள்ளம் சின்ன அறைக்குள் புகுந்து, தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை மூழ்கடித்து ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெயராம் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

தண்ணீரையெல்லாம் தள்ளி முடித்து, பெட்டியை அதே எக்ஸ்டென்ஷன் ஒயரில் செருகிச் சுவிட்சைப் போட்டபோது மணி மூன்று. பெட்டி பாடவில்லை. உறுமவில்லை. ஒரு சின்ன சிவப்பு விளக்குகூட எரியவில்லை.

"போயிடுத்து" என்றார். "நனைஞ்சு உள்ளே எல்லாம் போயிடுத்து."

மஹதி முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். "அதை என் கண்ணுல படாத எடத்துல வையுங்கோ" என்றாள்.

இந்த வீட்டில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் மிச்சம், சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற மூலை. பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். பெட்டியின் ஒயரையும் சுருட்டி அதன் தலையில் வைத்தார். வேலைக்கு வந்த முத்தம்மா அதையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இன்னா சார், பொட்டிக்கு உடம்பு சரியில்லியா?"

"செத்துப் போச்சு, முத்தம்மா."

"அய்ய, பாவம்" என்றாள் அவள், உண்மையாகவே.

அம்பிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றால் அவர் போனை எடுக்க மாட்டார். அதன் மணி அபஸ்வரம் என்று அணைத்தே வைத்திருப்பார். ஜெயராம் தெருமுனைக்குப் போய் நின்றார். ஒரு மணி நேரம் நின்றார். எட்டு மாதம் இழைத்த பெட்டி ஒரு நிமிஷம்கூடச் சரியாகப் பாடாமல் போய்விட்டதே என்று நினைத்தபடி, வருகிற ஆட்டோவையெல்லாம் எட்டிப் பார்த்தார். நாலரை மணிக்கு அம்பி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"வரவேற்பெல்லாம் பலமா இருக்கே, மாப்பிள்ளே."

"பெட்டி ரிப்பேர். காபி மட்டும் சாப்பிட்டுப் போங்கோ."

அம்பி தலையை ஆட்டிவிட்டு வீட்டை நோக்கி நடந்தார். கிண்டல் செய்யாமல் விட்டதே அவர் செய்த பெரிய உபகாரம்.

இரண்டாவது மாடி ஏறிக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மஹதி பாடுவது கேட்டது. சமையலறைத் திரைச்சீலைக்கு அப்பால், பாத்திரச் சத்தத்தின் நடுவே, காம்போதி. அம்பி செருப்பைக் கழற்றப் போனவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார். பிறகு ஓசைப்படாமல் வந்து சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயராமும் உட்கார்ந்தார். எத்தனையோ நாள் அடுத்த அறையிலிருந்து காதில் விழுந்த குரல்தான். இன்றைக்குத்தான் எந்த அளவும் எடுக்காமல், எந்தக் கணக்கும் போடாமல் கேட்டார். கீழே இறங்கும்போது குரல் தரையைத் தொட்டு நின்றது. மேலே போகும்போது கூடவே அவருடைய மனசையும் தூக்கிக்கொண்டு போனது. இவளையா ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"இவ இப்படிப் பாடிக் கேட்டு இருபது வருஷம் ஆச்சு" என்றார் அம்பி. குரல் கரகரத்தது. "அந்தக் கீழ் ஸ்தாயியைக் கேட்டேளா? மூச்சு வாங்கறதுகூடத் தெரியறது."

"ஆமாம்."

"சொல்றேனேன்னு தப்பா நெனச்சுக்காதீங்கோ. நீங்க நல்ல உழைப்பாளிதான். ஆனா ஆயிரம் குழாய் சொருகினாலும், ஆயிரம் மூட்டை பஞ்சு அடைச்சாலும், இதை ஒரு பெட்டியிலேர்ந்து கொண்டுவர முடியுமோ? பகவானாலேயே முடியாது."

"முடியாது" என்றார் ஜெயராம். இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அவர் எழுந்து நின்றார். நாலு வார்த்தை சொல்லிவிடத் தோன்றியது, சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகவே சொன்னார்:

"மஹதி, தோத்துட்டேன். அந்த ரூமை நீயே எடுத்துக்கோ. நாளைக்குக் காலம்பர பெட்டியை உடைச்சுக் குப்பையில போட்டுடறேன். அம்பி சாட்சி!"

பாட்டு நிற்கவில்லை.

"இன்னும் கோவம் போலிருக்கு" என்று முணுமுணுத்தார் அம்பி. "மஹதி! மாப்பிள்ளைதான் இவ்வளவு தூரம் சொல்றாரே, வெளியில வாயேன்!"

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி முத்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாராண்ட சார் பேசிக்கினு கீறீங்க? அம்மா நீங்க கெளம்பனதுமே மார்க்கெட்டுக்குப் போய்ட்டாங்க. பாத்திரம் தேய்க்க சொல்லோ ஒரு பாட்டு இருக்கட்டுமேன்னு மிக்ஸி பிளக்கைப் புடுங்கிட்டு உங்க பொட்டியைச் சொருவினேன், அப்பப் புடிச்சு அதுதான் பாடிக்கினு கீது."