பிளாஸ்டர் ஒட்டிய போனும் எங்கள் ஜெபமாலையும்

சுங்கை பினாங், ஜார்ஜ் டவுன்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் டேரிலுக்கு, அப்பா இராயப்பன் எழுதுவது.

ஆண்டவர் கிருபையாலும் அம்மா போடும் இஞ்சித் தேநீராலும் இங்கே இருவரும் நலம். கோலாலம்பூரில் நீயும் உன் வயிறும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். தபால்பெட்டி கண் சிமிட்டுவதில்லை. காரணம் அதுதான்.

நீ கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த போன் எங்களை வேவு பார்க்கிறது. நான் எதையும் அடித்துச் சொல்கிறவன் அல்லன். இயற்பியல் ஆசிரியராக ஓய்வுபெறும் நாள்வரை கரும்பலகையில் எழுதிய விடையை அழிக்குமுன் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தவன். ஆனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யவில்லை. ரிமோட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும் என்பதால், அம்மாவின் பழைய போன் கேமராவை அதன் முன் பிடித்துச் சோதித்தேன். ரிமோட் செத்துக் கிடந்தது. பக்கத்தில் திரை எரிந்துகொண்டிருந்த உன் போனின் நெற்றியிலோ ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“என்னாங்க இது, கண்ணடிக்குது?”

“யாரோ அந்தப் பக்கமிருந்து நம்மளப் பாக்குறாங்க, அக்னஸ்.”

அவள் உடனே தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நான் முழங்கால் காயத்துக்கு வாங்கிய பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி அந்த நெற்றியில் ஒட்டினேன். விவகாரம் முடிந்தது என்று நினைத்தேன்.

செவ்வாய் மாலை, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் உன் வருங்கால மாமனார் தங்கராஜுவைக் கூப்பிட்டேன். உனக்கும் சோஃபியாவுக்கும் கோயிலில் கல்யாணத்தை எல்லாருக்கும் அறிவிக்கும் திருமண ஓலையை எந்த ஞாயிறு வாசிப்பது என்று முடிவு செய்யவேண்டும். அவர் ஞாயிறைப் பற்றிப் பேசவில்லை. விருந்துக்கு அவர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆள் வருவதைப் பற்றியே பேசினார். “எங்க தாமான்ல இருக்கிற அத்தனை வீடும் வரும்லா, யாரை விடுறது சொல்லுங்க,” என்றார். நான் வழக்கம்போல “ஆமாம், ஆமாம்” என்றேன். கடைசியில் “சரி, பிறகு பேசலாம்” என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. எங்கே தொட்டாலும் கறுப்புதான். அழைப்பு அணைந்துவிட்டது என்று போனை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் முழந்தாளிட்டு ஜெபமாலை தொடங்கினோம்.

ஜெபமாலை முடிந்ததும் அவரவர் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்வது நம் வீட்டு வழக்கம் அல்லவா. மனிதர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லாததையெல்லாம் நான் அங்கேதான் சொல்வேன். எனக்கென்று இருக்கிற அந்தரங்கம் அது ஒன்றுதான். அம்மா முதலில், “ஆண்டவரே, கல்யாணத்துக்கு அப்புறமாவது டேரிலோட குறட்டை அடங்கணும், அந்தப் பொண்ணு பாவம்,” என்றாள். நான், “ஆண்டவரே, தங்கராஜு அவர்களின் பேச்சின் நீளத்தையும் பஸ்களின் எண்ணிக்கையையும் குறைத்தருளும்,” என்றேன். அப்போது மாதாவின் காலடியிலிருந்து எறும்பு பேசுவதுபோல மெல்லிய குரல் ஒன்று, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றது.

அம்மா கைகூப்பிவிட்டாள். எனக்கு அந்தக் குரல் தெரிந்த குரலாகப் பட்டது.

“யாரு?” என்றேன்.

“நான்தான்லா, தங்கராஜு. நீங்க போனை வைக்காமலே ஜெபத்தை ஆரம்பிச்சிட்டீங்க. பாதியில நான் எப்படி வைக்கிறது, பாவமில்லையா? வீட்டுல எல்லாரும் முட்டி போட்டுட்டோம்.” பிறகு, “என் பேச்சு அவ்வளவு நீளமாண்ணே?” என்றார்.

நான் போனை எடுக்கக் கை நீட்டினேன். “ஓலை விஷயம் யோசிச்சு சொல்றேன்,” என்று அவரே வைத்துவிட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதே இல்லை. மூன்று நாளாக அங்கிருந்து பேச்சுமூச்சில்லை. அம்மா சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். ஐந்து வருடம் நீ காத்திருந்த பெண், என் ஒரு மன்றாட்டில் கைவிட்டுப் போய்விடுவாளோ என்று எனக்கும் தூக்கமில்லை. ஆனாலும் குற்றவாளி யார் என்பதில் நான் தெளிவாக இருக்கிறேன். கண்ணை மூடிவிட்டோம் என்ற கோபத்தில் அந்தப் போன் காதைத் திறந்துவிட்டது. ஆகவே நீ அடுத்த சனிக்கிழமையே வந்து தங்கராஜு அவர்களிடம் நேரில் பேசு. போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போ. இனி இந்த வீட்டில் அது வேண்டாம்.

மாதா உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, மல்லாந்து படுக்காதே.

இப்படிக்கு
உன் நலம் விரும்பும் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சோஃபியா வந்தாள். போனைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “அங்கிள், அந்த வெளிச்சம் உங்க மூஞ்சி கிட்ட இருக்கா இல்லையான்னு பாக்குற சென்சர். யாருக்கும் எதையும் அனுப்பாது. பிளாஸ்டர் ஒட்டினா, உங்க காது ஒட்டியே இருக்குன்னு நினைச்சு ஸ்கிரீனை அணைச்சிடும். கால் கட் ஆகாது,” என்றாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. பிளாஸ்டரை உரித்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிறே ஓலை வாசிக்கலாம் என்றும், ஜெபத்தில் கேட்டதை மறுக்கக்கூடாது என்று அவள் அப்பா ஒரு பஸ்ஸை ரத்து செய்துவிட்டார் என்றும் சொன்னாள். ஆகவே நீ வரவேண்டாம். போனும் இங்கேயே இருக்கட்டும். சோஃபியா படியிறங்கியதும் அம்மா புது பிளாஸ்டர் வெட்டி அதே இடத்தில் ஒட்டிவிட்டு, ஜெபத்துக்கு முன்னால் தங்கராஜு அண்ணனைக் கூப்பிடச் சொல்கிறாள். இன்னும் ஒரு பஸ் பாக்கி இருக்கிறதாம்.