நீலப்புள்ளி மாப்பிள்ளை

மனிதர்களில் நீலப்புள்ளிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் தினமும் பார்ப்பவர்கள்தான். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் முழுக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பஸ் வந்து, நின்று, கதவைத் திறந்து, இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, ஓட்டுநர் இவரையே பார்த்து ஹாரனும் அடித்த பிறகு, "இன்னும் நாலு நிமிஷம் இருக்கே" என்று அந்த பஸ்ஸையே சந்தேகப்படுவார். அவர்தான். உள்ளங்கையில் ஊர் வரைபடம், வரைபடத்துக்கு நடுவில் ஒரு நீலப் புள்ளி, அந்தப் புள்ளி அவரேதான். வீட்டிலும் ஆபீசிலும் ஓரமாகவே உட்கார்ந்து பழகிய மனிதர். ஊரே தன்னைச் சுற்றி நகர்கிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் கீழே வைப்பாரா?

இந்த இனத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கிறீர்களா? என் கூடப்பிறந்த தங்கையை அங்கேதான் கொடுத்திருக்கிறேன். இதைவிட என்ன தகுதி வேண்டும்? தங்கை புருஷன் என்பதால் கடைசிவரை 'அவர்', 'இவர்' என்று மரியாதையாகவே எழுதுவேன். மனசுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறேன் என்பது என் சொந்த விஷயம்.

நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் இருக்காது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. வரைபடம் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் எங்கள் நிறுத்தத்தில் ஒரு தகரப் பலகை இருந்தது. ஊரின் எல்லா பஸ் தடங்களையும் கலர் கலராக அச்சடித்து அதில் ஒட்டியிருந்தார்கள். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்று ஒரு சிவப்புப் பொட்டு. வந்தவர் போனவர் எல்லாரும் அந்தப் பொட்டிலேயே விரலை வைத்து வழி தேடியதில் பொட்டு அழிந்து, எங்கள் நிறுத்தம் அழிந்து, பக்கத்துத் தெருவில் பாதியும் அழிந்து, வெள்ளைத் தகரம் தெரிந்தது. ஊர் முழுக்க இருந்தது, நாங்கள் நின்ற இடம்தான் இல்லை. அதில் பெரும்பங்கு மாப்பிள்ளையின் விரல். வழி கேட்டவருக்கும் சொல்வார், கேட்காதவருக்கும் சொல்வார், வழி தெரியும் என்று தப்பித்து ஓடுகிறவரையும் பலகைவரை இழுத்துவந்து சொல்வார்.

ஆகவே என்னைப் பழசுக்கு வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பலகையிலும் கோளாறு உண்டு. எப்போதோ நின்றுபோன ஒரு பஸ்ஸின் பச்சைக் கோடு கடைசிவரை அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி வெயிலில் காய்ந்தவர்களை எனக்கே தெரியும்.

பயணிகள் சங்கத்தில் மாப்பிள்ளை சேர்ந்ததும் பலகைக்குக் கெட்ட காலம் பிறந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். உலகம் எங்கேயோ போய்விட்டது, நாம் இன்னும் தகரத்தைத் தடவிக்கொண்டிருக்கிறோம் என்றார். அதிகம் தடவியது யார் என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. போக்குவரத்து அலுவலகமும் இவர் தொல்லை தாங்காமலோ, அவர்களுக்கே ஆசை வந்தோ, பலகைகளைக் கழற்றிவிட்டு நிறுத்தத்துக்கு ஒரு தொடுதிரை வைத்தது. செல்பேசிக்கும் அதே வரைபடம். தொட்டால் விரியும், கிள்ளினால் சுருங்கும், பஸ் எங்கே வருகிறது என்று ஊர்ந்து காட்டும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பழைய பலகையை ஒரே நேரத்தில் நாலு பேர் பார்க்கலாம். தொடுதிரையை ஒருவர்தான் பார்க்க முடியும். அந்த ஒருவர் எப்போதும் மாப்பிள்ளையாகவே இருந்தார். நாங்கள் பின்னால் நின்று கழுத்தை நீட்டுவோம். அவர் விரிப்பார், விரிப்பார், எங்கள் நிறுத்தத்தின் கூரை தெரிகிற அளவுக்கு விரிப்பார். பிறகு சுருக்குவார், கடல் தெரிகிறவரை சுருக்குவார். ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்ட ஒரு அம்மாவுக்குக் கடல் எதற்கு? திரையோ தன் பங்குக்கு, இந்தச் சேவை உங்களுக்குத் திருப்தியா என்று நடுவில் கேட்கும். திருப்தி என்று அழுத்திவிட்டு இவர் திரும்புவதற்குள் அந்த அம்மா கேட்ட பஸ் போயிருக்கும்.

செல்பேசிக்குள் வரைபடம் வந்த பிறகு இந்த இனத்தின் முழு சுபாவமும் வெளிப்படும். அதற்கு ஒரு மந்திரம் உண்டு. "ரெண்டு நிமிஷம் மிச்சம்." பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்திருப்போம். திரை லேசாக அதிரும். இறங்கி வேறு பஸ் பிடித்தால் ரெண்டு நிமிஷம் மிச்சம் என்று எழுந்துவிடுவார். கோடு மாறும், அடுத்த நிறுத்தத்தில் மறுபடி மாறும். இப்படி மிச்சம் பிடித்த நிமிஷங்களை எல்லாம் எங்கே சேர்த்து வைத்திருக்கிறார் என்று தங்கைக்கே தெரியாது. வீட்டுக்குச் சீக்கிரம் வந்து யாரும் பார்த்ததில்லை.

குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டுகிற வசதியும் அதில் உண்டு. ஆளுக்கொரு புள்ளி. ஒருநாள் தங்கை அடுக்களையில் இருக்கும்போது அவள் புள்ளி பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பாள். இவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, என் மனைவியை அனுப்புங்கள் என்று கேட்டார். அந்த வீட்டம்மா அன்றிலிருந்து இவரைக் கண்டால் ஒதுங்கிப் போகிறார்.

சிரிப்பாகத்தான் இருந்தது, தங்கையின் இன்டர்வியூ வரும்வரை.

தங்கை மருந்தாளர் படிப்பு படித்தவள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு மறுபடி விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். இத்தனை வருஷ இடைவெளி ஏன் என்று கேட்டே எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியாகப் பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கூப்பிட்டார்கள். காலை பத்து மணி. தாமதமாக வருகிறவர்களைப் பார்க்க மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இதுவும் போனால் இனிமேல் யாரிடமும் போய் நிற்க மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். பவர் மாறியிருந்ததால் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். மெல்லிய கறுப்பு ஃபிரேம். முகமே வேறாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளிடம் ஆலோசனை கேட்டு வரிசையில் நிற்பார்கள் போல இருந்தாள்.

என் கடையும் அந்தப் பக்கம்தான் என்பதால் மூன்று பேரும் சேர்ந்து கிளம்பினோம். வாசலில் வைத்து, எப்படி இருக்கு என்று தங்கை அவரைக் கேட்டாள். அவர் செல்பேசியிலிருந்து தலையெடுக்காமல், "இடது பக்கம் திரும்பணும்" என்றார்.

பதினேழாம் நம்பர் பஸ் எங்கள் தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கே போகும். ஏறினோம், மூன்று பேருக்கும் உட்கார இடமும் கிடைத்தது. சந்தை வருவதற்குள் திரை அதிர்ந்தது. இறங்கி நாற்பத்திரண்டு பிடித்தால் ரெண்டு நிமிஷம் மிச்சமாம். இறங்கினோம். நாற்பத்திரண்டில் நெரிசலில் நசுங்கி நூலகம்வரை போனோம். அங்கே மறுபடி அதிர்ந்தது. இப்போது பதினேழுதான் சிறந்ததாம். இறங்கி நின்றோம். பதினேழு வந்தது. ஏறிப் பார்த்தால் நாங்கள் இறங்கிய அதே பதினேழு! சிக்னலில் மாட்டி மெதுவாக வந்திருக்கிறது. எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. மிச்சம் ஒன்றும் இல்லை, உட்கார்ந்துகொண்டிருந்த இடம்தான் போயிற்று. மாப்பிள்ளை மட்டும் அசரவில்லை. பார்த்தீர்களா, சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்றார்.

நின்றுகொண்டு போனதில் ஒரு நன்மை. ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பழைய தடப்படம் ஒன்று கழற்ற மறந்து அப்படியே ஒட்டியிருந்தது. சாயம் போய்விட்டது, எழுத்தெல்லாம் கடுகு அளவு. தங்கை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் எதிரில் நின்றாள். பதினேழின் கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். மணிக்கூண்டு, பள்ளி, ஆஸ்பத்திரி. மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது மாறவில்லை.

மணிக்கூண்டு நெருங்கும்போது மாப்பிள்ளையின் கை அதிர்ந்தது.

"இறங்கு, இறங்கு. எதிர்ப்பக்கம் அறுபது வருது. ரெண்டு நிமிஷம் மிச்சம்."

முதல் ஆளாக இறங்கினார். வழியில் நின்ற என்னையும் பின்னால் இருந்தவர்கள் தள்ளி இறக்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். தங்கை இறங்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். பஸ் கிளம்பியது.

கூடப்பிறந்தவள் சொல்லியாகிவிட்டது, நான் வாயைத் திறப்பேனா? மாப்பிள்ளை திரையைப் பார்த்தபடி முன்னால் நடக்க, நான் பின்னால் நடந்தேன். அவர் தங்கைக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்தார். இடைவெளி பற்றிக் கேட்டால் தயங்காதே, வீட்டில் இருந்ததும் வேலைதான் என்று நிமிர்ந்து சொல், உனக்குத் தெரியாததா என்றார். அவ்வளவு அன்பாக, அவ்வளவு பொருத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியவள்தான் அங்கே இல்லை.

"என்ன, பதிலே காணோம்?" என்று திரும்பினார்.

"பஸ்ல இருக்கா, மாப்பிள்ளை."

"எந்த பஸ்ல?"

"நீங்க இறங்கின பஸ்ல."

பதறிப்போய்த் திரையில் அவள் புள்ளியைத் தேடினார். அது பள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது. போன் போட்டார், அவள் எடுக்கவில்லை. "மச்சான், தப்பான வழில போறா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாவமாகத்தான் இருந்தது. அப்போதும் அறுபதை விடவில்லை. அது வந்துகொண்டிருந்தது, திரையில். வளைவில் திரும்பி, எங்களை நெருங்கி, எங்கள் புள்ளிமேலேயே ஏறித் தாண்டியும் போய்விட்டது. சாலையில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

"வந்துட்டுப் போயிடுச்சு" என்றார் வருத்தமாக.

அந்த நேரம் தங்கையின் புள்ளி ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. பத்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. நாங்கள் கடைசியில் நடந்தே போனோம். எவ்வளவு மிச்சம் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள் என்று தங்கை சொன்னாள். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, உண்மையான சந்தோஷம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நீ போய்ச் சேர்ற வரைக்கும் உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நொடி கண்ணை எடுக்கல. மச்சானைக் கேளு."

தங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"என்னைப் பாக்கல. புள்ளியைப் பாத்தீங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடி எப்ப மாத்தின?"

தங்கை உள்ளே போய்விட்டாள். நான் கடைச் சாவியைத் தேடுகிற மாதிரி எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தங்கையை வழியனுப்ப நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை அவளோடு போகவில்லை. வாசல்வரை வந்து, கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றார். பதினேழிலேயே போ, நேராகப் போகும் என்றும் சொன்னார். திருந்திவிட்டார் என்று நினைத்து நானே நெகிழ்ந்துபோனேன். அவள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, செல்பேசியைத் திறந்து, அவள் புள்ளி நகர்வதைப் பார்க்க ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று வேலை முடிந்து கிளம்பும்போது, வருஷக்கணக்காகப் போய்வருகிற உங்கள் சொந்த வீட்டுக்குச் செல்பேசியிடம் வழி கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ரெண்டு நிமிஷம் மிச்சம் என்று அது சொன்னதும் தெரியாத சந்துக்குள் திரும்பினீர்களே? போகட்டும், அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு கேள்வி. போய்ச் சேர்ந்ததும் உங்களுக்குக் கதவைத் திறந்தவர் முகத்தில் கண்ணாடி இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் என்ன நிறம்?

எழுந்துபோய்ப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள்.