என் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னைக் கொன்ற மருமகள்

ருசாப்பே,
திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய நண்பன் ஸ்விட்ஸாய்க்கு, தப்ஃபுமானேயி வாத்தியார் உயிரோடிருந்து எழுதிக்கொள்வது. நீயும் உன் உருளைக்கிழங்கு வயலும் நலமா? நான் இறந்துவிட்டதாக உனக்குச் செய்தி வந்திருக்கும். அது பொய். அதனால் நியாங்காவிலிருந்து நீ புறப்பட வேண்டாம். குழி வெட்ட ஆளும் பார்க்க வேண்டாம்.

நடந்தது இதுதான். என் மகள் விம்பிஸோ செல்லோ வாசிப்பது உனக்குத் தெரியும். 'கழுத்து நீண்ட பீரோ' என்று நீ பெயர் வைத்தாயே, அந்த ஆளுயர வயலின்தான். அவளும் என் மருமகள் கெரெஸியாவும் சனிக்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்தினார்கள். முன்கூட்டி எதுவும் எழுதிவைக்க மாட்டார்களாம். கூட்டத்தில் யாராவது ஒரு சொல் கொடுத்தால் கெரெஸியா அங்கேயே கவிதை கட்டுவாள், நடுவில் கேலி செய்வாள், விம்பிஸோ வில்லால் பதில் சொல்வாள். உதாரணமாக, ஒருவர் 'தக்காளி' என்றார். கெரெஸியா தக்காளிக்கு ஒப்பாரியே வைத்தாள், செல்லோ மூக்கைச் சிந்தியது. நானும் சிரித்தேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அடுத்து எவனோ என் பழைய மாணவன், "வாத்தியார்!" என்று கத்தினான். புழுக்கமாக இருந்ததால் என் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டியிருந்தேன். "மாமா, கொஞ்சம் குடுங்க," என்று கெரெஸியா அதை எடுத்துப்போய் மாட்டிக்கொண்டு, என்னைப் போலவே இடுப்பைப் பிடித்து நடந்தாள், என்னைப் போலவே இருமினாள். செல்லோவும் இருமியது.

"சாக்பீஸ் தேய்ஞ்சுபோச்சு, வாத்தியாரும் தேய்ஞ்சுபோனார்;
கரும்பலகை மட்டும் இன்னும் கறுப்பாவே இருக்கு."

இந்த நேரம் பார்த்து மழை. பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள் எல்லாரும் உள்ளே ஓடிவந்தார்கள். மருமகள் மாமனார் கோட்டைப் போட்டுக்கொண்டு அவரைப் போல நடப்பது நம்மூரில் எந்த வீட்டில்? சாவு வீட்டில். அவர்கள் என்ன கண்டார்கள், பாவம்.

"ஐயோ, வாத்தியார் போயிட்டாரா? நேத்துத்தானே என்கிட்ட கீரை வாங்கிட்டு, வாடியிருக்குன்னு திட்டிட்டுப் போனாரு!"

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்றேன்.

"சும்மா இருங்க பெரியவரே, செத்தவரைப் பத்திப் பேசிட்டிருக்கோம்!"

கெரெஸியாவாவது நிறுத்தக் கூடாதா? அழுகை கிடைத்தால் அதையும் கவிதையில் போட்டுக்கொள்கிற பெண் அவள். "எல்லாரும் வந்தாச்சு. ஆனா கேலி பண்ணி இவரை அனுப்பிவைக்க வேண்டிய தோழர் எங்கே? அவர் வராம பாடையைத் தூக்க முடியுமா?" என்று கேட்டாள். விம்பிஸோவின் வில் நின்றுவிட்டது. மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும்தான். நம் வழக்கப்படி என் சாவில் கேலி பண்ண வேண்டிய தோழன் நீதான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நேற்றுக் காலையிலிருந்து வாசலில் சாவுச் சமையலுக்கு விறகு வந்து இறங்குகிறது, சோளமாவு வருகிறது. ஒருவர் கோழியோடு வந்து, கதவைத் திறந்த என்னிடமே ஆறுதல் சொல்லிவிட்டு, பிறகு என்னை உற்றுப் பார்த்து, கோழியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். களைப்பாக இருக்கிறதப்பா. உயிரோடிருப்பதை எத்தனை பேருக்குத்தான் நிரூபிப்பது?

இந்தக் கடிதத்தை நியாங்கா பஸ் ஓட்டுநரிடமே கொடுக்கிறேன். என் சாவுச் செய்தியை அங்கே கொண்டுவந்த புண்ணியவானும் அவன்தான். நான் ஒருமுறை வகுப்புக்குள் வந்த ஆட்டுக்கு வருகைப்பதிவு எடுத்ததை என் பணிநிறைவு விழாவில் நீ நடித்துக் காட்டியதும், நான் எழுந்து போனதும், நாம் பேசாமல் இருப்பதும் வேறு விஷயம். அது அப்படியே இருக்கட்டும். உன் வயலில் நல்ல மழை பெய்யட்டும், பேரப்பிள்ளைகள் படிக்கட்டும்.

இப்படிக்கு,
சாகாத,
தப்ஃபுமானேயி.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. சனிக்கிழமை மறுபடி நிகழ்ச்சி இருக்கிறதாம். புறப்பட்டு வா. என் கோட்டு உனக்குக் கொஞ்சம் இறுக்கும், பரவாயில்லை. அந்த ஆட்டை முழுசாக நடித்துக் காட்டு. நான் முதல் வரிசையில் இருப்பேன். எழுந்து போக மாட்டேன்.