பாலிசி எடுக்கப்போகிறவர்

உலகத்தில் பாலிசி எடுத்தவர்கள் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. இரண்டிலும் சேராமல், ஆயுள் முழுக்க எடுக்கப்போகிற நிலையிலேயே இருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. பார்க்க வேண்டுமானால் சங்கரன்கோவிலுக்கு வந்து, ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நெல்லைநாயகம் பிள்ளையைப் பாருங்கள்.

பிள்ளைவாளுக்குக் கோவிலை ஒரு சுற்றுச் சுற்றினாலே மூச்சு இரைக்கும். ஆடித்தபசுக்கு வந்த மகன்களிடம் சொன்னார். வயசானால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர்கள் சப்பரம் பார்க்கப் போய்விட்டார்கள். மனைவி வடிவாம்பாள் கோவில் புற்றுமண்ணைக் கரைத்துக் கொடுத்தாள். காசு கொடுத்து டாக்டரிடம் போவதா? அது அவர் கொள்கைக்கு விரோதம்.

அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் சிவசுப்பிரமணியன் வந்து சேர்ந்தார். பாலிசி எடுக்கிறவரை முதலில் டாக்டர் சோதிப்பார், பீஸ் கம்பெனியைச் சேர்ந்தது என்றதுமே பிள்ளைவாள் அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அப்புறம் நடந்த உபசாரத்தைக் கேளுங்கள்: வாசலில் ஜட்கா வந்தது, ஏஜெண்டே கைபிடித்து ஏற்றினார், வயதில் நாலைந்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார், டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையை விலக்கி, நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, தகப்பனார் எதில் போனார் என்பது வரை விசாரித்தார். பெற்ற மக்கள் கேட்டதுண்டா இதையெல்லாம்? பிள்ளைவாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு குறை. கண்டதை டாக்டர் கம்பெனிக்குத்தான் சொல்வார். இவருக்குச் சொல்ல மாட்டார். அதனால் என்ன, ஏஜெண்டின் முகம் இருக்கிறதே! அவர் பல்லெல்லாம் தெரிய பிரீமியம் கேட்டு வந்தால் உடம்பு திடம் என்று அர்த்தம். உடனே பிள்ளைவாள், "மூத்தவன்கிட்ட கலந்துக்கிட்டுச் சொல்லுதேன் வே" என்று அனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் வேறு கம்பெனி ஏஜெண்டைப் பிடிப்பார். கம்பெனிகளுக்கா பஞ்சம்? டாக்டர் மட்டும் எப்போதும் அவரேதான். ஒவ்வொரு தடவையும் பீஸ் வரும்போது அவர் ஏன் வாயைத் திறக்கப்போகிறார்?

இந்த வருஷம் பிடித்த ஏஜெண்டின் பெயர் நல்லக்கண்ணு. சோதனை முடிந்து சில நாள் கழித்து, தேரடிப் பக்கம் எதிரே வந்தவர் பிள்ளைவாளைக் கண்டதும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டார். கம்பெனி தன்னைத் தள்ளிவிட்டது என்று பிள்ளைவாளுக்குப் புரிந்துவிட்டது. சாகப்போகிறோம் என்று நினைத்தார், நிஜமாகவே பயந்துபோனார்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொந்தக் காசோடு அதே டாக்டரிடம் ஓடினார். டாக்டர் குழாயை எடுக்கவே இல்லை. மணிக்கட்டைத் தொட்டார், விட்டார்.

"வயசானா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி. மிக்சர் தாரேன்."

"அன்னைக்கு நெஞ்சுல எம்புட்டு நேரம் வச்சுப் பாத்திய?"

"அது கம்பெனிக்குல்லா."

பிள்ளைவாள் மிக்சர் புட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பயம் போகவில்லை, கோபமும் கூடச் சேர்ந்துகொண்டது. நேரே பனவடலிசத்திரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். அங்கே புதுக் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் வந்திருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் ஊர் ஏஜெண்ட் கடைசியாக உங்களைக் கண்டபோது நின்று பேசினாரா, குடையைச் சாய்த்தாரா என்று மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வெயில் அவ்வளவு கடுமையா என்ன?