மேற்படி நாற்காலி கொடுப்பது சம்பந்தமாக

மாட்டுங்காவில் ஒரு இரண்டாம் மாடி ஃப்ளாட்டின் பால்கனியில் சக்கர நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. எட்டு மாதத்துப் பழைய பேப்பர்கள் அதில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தன. தாராவியில் ஒரு பெண் கால் ஒடிந்து, மாவுக்கட்டு போட்டு, பத்தாங்கிளாஸ் போர்டு பரீட்சைக்குப் போக வழியில்லாமல் கிடந்தாள். இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் நடந்தே போகிற தூரம்தான். விஷயம் இவ்வளவுதான். இதை இருபது நாள் விஷயமாக வளர்ப்பதற்குப் படித்தவர்கள் வேண்டியிருந்தது. அதற்கு பம்பாயில் என்றைக்கு ஐயா பஞ்சம்?

பெண்ணின் பெயர் அஃப்ஷா. அவளுடைய வாப்பா முகம்மது ஹனீப், தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர். வீட்டு மாடிக்கு ஏறுகிற இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்த மகளுக்கு, ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரீட்சை மூன்று வாரத்தில். மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நிலைமையில்தான், ஜிப் மாற்றக் கொடுத்திருந்த ஆபீஸ் பையைத் திருப்பிக் கொடுக்க வேங்கடசுப்ரமணியன் வீட்டுக்குப் போனார். பால்கனியைப் பார்த்தார்.

“சார், தப்பா நெனைக்கப்படாது. அந்த வண்டிய ஒரு மாசம் குடுத்தியன்னா, எம்புள்ள பரீட்ச எழுதிருவா.”

வீட்டுக்கார அம்மாள் அம்மிணியின் மாமியாருக்காக வாங்கிய நாற்காலி அது, அவரும் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. “அதுக்கென்ன, எடுத்துண்டு போங்கோ ஹனீப் பாய். துணி ஒணத்த எடமில்லாம அடைச்சுண்டு நிக்கறது” என்று பேப்பரை எல்லாம் அள்ளிக் கீழே வைக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நாற்காலி லிஃப்ட்டில் இறங்கியிருக்கும், இந்தக் கதையும் இருந்திருக்காது.

“ஒரு நிமிஷம்” என்றார் வேங்கடசுப்ரமணியன்.

இவர் பெரிய ஆபீஸ் ஒன்றில் பெரிய நாற்காலியில் இருந்து ரிடையர் ஆனவர். ஆறு வருஷமாக ‘ஈகை அரங்கம்’ என்று ஒரு வலைப்பதிவு நடத்திவருகிறார். கொடுப்பது எப்படி, யாருக்குக் கொடுப்பது, கொடுக்கும்போது மனநிலை எப்படி இருக்கவேண்டும் என்பது பற்றி நானூற்றுச் சொச்சம் பதிவுகள் வெளியாகியிருந்தன. இன்றைய தேதி வரைக்கும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. கொள்கை இன்னும் இறுதியாகவில்லை.

“கொடுக்கறதுங்கறது சும்மா எடுத்து நீட்டறதில்லே, பாய். அது ஒரு பொறுப்பு. ஒரு பதிவு போட்டு, கருத்துக் கேட்டு, முறையாப் பண்ணலாம். உங்க பொண்ணுதான் எங்களோட முதல் பயனாளி. நீங்க பயனாளியின் பாதுகாவலர்.”

சும்மா சொல்லக்கூடாது, ஹனீப்புக்கு அது கொஞ்சம் இனிக்கவே செய்தது. இருபத்தாறு வருஷமாக அவரை எல்லோரும் ‘பைவாலா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே பதிவு வந்துவிட்டது: ‘ஒரு நாற்காலி, ஒரு மாணவி: கொடுப்பது சரியா?’ அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நூற்றுப்பதினேழு கருத்துகள். டோம்பிவிலி ஷ்யாமளா லோக்கல் ட்ரெயினில் நின்றுகொண்டே டைப் அடித்திருந்தாள்: ‘நான் தினம் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வேலைக்கு வருகிறேன். உட்காருவது உரிமையா, சலுகையா என்பதை முதலில் தீர்மானிப்போம்.’ இதற்கு மட்டும் நாற்பது பேர் பதில் எழுதினார்கள். அஃப்ஷா பரீட்சை எழுதவேண்டும் என்று ஒருவர் எழுதியதை, தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது என்று நீக்கிவிட்டார்கள்.

ஞாயிறு காலை நேரடிக் கருத்துக்கேட்பு என்று ஹனீப்பை வரச்சொன்னார்கள். அம்மிணி இட்லி வைத்தாள். ஹாலில் இடம் போதாததால், செம்பூரிலிருந்து வந்திருந்த மாதவ் பால்கனியிலிருந்து மேற்படி நாற்காலியையே உருட்டிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தான். கம்பெனிகளுக்கு யோசனை சொல்லிச் சம்பாதிக்கிற பையன். மடியில் லேப்டாப்.

“அங்கிள், உங்க டாட்டருக்கு எத்தனை கால் ஒடைஞ்சிருக்கு?”

“ஒண்ணுதான் தம்பி.”

மாதவின் முகம் வாடிப்போயிற்று. “அதான் ப்ராப்ளம். ஒரு கால்னா நாற்காலியோட பயன்பாடு ஐம்பது சதவீதம்தான். ரெண்டு காலும் ஒடைஞ்ச ஒருத்தருக்குக் கொடுத்தா இதே நாற்காலிக்கு முழுப் பயன்.”

“அப்ப அடுத்த காலையும் ஒடச்சிட்டுக் கூட்டிட்டு வரவா?”

மாதவ் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “இல்ல அங்கிள், அது நெறிமுறைக்கு விரோதம். ஆனா பதிவுக்கு நல்ல கேள்வி” என்று அதைக் குறித்துக்கொண்டான்.

வந்தனா என்ற பெண்மணிக்குக் கவலை வேறு. கல்லூரியில் பாடம் எடுப்பவள். “கொடுப்பவர் நிற்கிறார், பெறுபவர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இது சமத்துவமா?” என்றாள். சபை அரண்டுபோய்விட்டது. ஆறு வருஷமாக இது யாருக்கும் தோன்றவில்லையே என்று வேங்கடசுப்ரமணியனுக்குக் கண் கலங்கிற்று. கடைசியில், நாற்காலி கொடுக்கும்போது சம்பந்தப்பட்ட எல்லோரும் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

ஹனீப் இட்லித் தட்டை ஓரமாக வைத்தார். “சார், ஒங்களுக்கு எதுக்கு செரமம். சயான்ல வாடகைக்குக் கெடைக்கும், நா எடுத்துக்கிடுதேன்.”

“ஐயையோ, அப்படிப் பண்ணிடாதேங்கோ” என்று பதறினார் வேங்கடசுப்ரமணியன். “வாடகைக்கு எடுக்க முடியும்னா உங்களுக்கு உண்மையான தேவை இல்லேன்னு ஆயிடும். நாலு பதிவு போட்டாச்சு. உலகம் பூரா தமிழ்க்காரா படிக்கறா. எங்க மானம் என்னத்துக்காறது?”

மானம் என்ற வார்த்தைக்கு ஹனீப் மடிந்துவிட்டார். அது மட்டுமில்லை, உள்ளதைச் சொன்னால், அவர் அந்தக் கருத்துகளுக்குப் பழகிவிட்டிருந்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ‘பாதுகாவலர் ஹனீப் அவர்களின் பொறுமை வியக்கத்தக்கது’ என்று எழுதியிருந்தார். அதை அவர் எழுத்துக்கூட்டி, பட்டறையில் தையல் மெஷின்களை நிறுத்தச்சொல்லி வாசித்தார். வீட்டில் ஜியாமெட்ரி போட்டுக்கொண்டிருந்த மகளுக்கும் வாசித்தார்.

“வாப்பா, நா படிக்கணும்.”

“இதையும் கேளு புள்ள. ஒன்னப் பத்தித்தான எழுதியிருக்கான்.”

“என்னப் பத்தி எங்க இருக்கு? எல்லாம் ஒங்களப் பத்தில்லா இருக்கு” என்றாள் அவள். அதையும் அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

முடிவான ஏற்பாடு இதுதான்: முதல் பரீட்சையன்று காலை, செம்பூரில் பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலிலேயே, பொருத்தமான சூழலில், நாற்காலி ஒப்படைக்கப்படும். “அங்க வரைக்கும் அந்தக் கொழந்தை எப்படி வந்து சேருவா?” என்று அம்மிணி கேட்டாள்.

“அது தனிப் பதிவு” என்றார் கணவர்.

ஆக, சக்கர நாற்காலி வாங்கிக்கொள்வதற்காக அஃப்ஷா சக்கர நாற்காலி இல்லாமல் கிளம்பினாள். பட்டறையில் வேலைபார்க்கும் அம்மார், தோல் கட்டு ஏற்றுகிற கைவண்டியில் மெத்தை போட்டு, சந்துகளைத் தாண்டி ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தான். அப்புறம் டாக்ஸி. உம்மா சுலைகா காலைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். பத்து மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் இருந்தார்கள். பத்தரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

வாசலில் பேனர் கட்டியிருந்தது. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, சமத்துவத்தின் பொருட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அஃப்ஷாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வேங்கடசுப்ரமணியன் உட்கார்ந்தபடியே வரவேற்றார். மாதவ் உட்கார்ந்தபடியே புள்ளிவிவரம் சொன்னான். வந்தனா, கைதட்டுவது பெறுபவரைச் சங்கடப்படுத்துமா என்று ஒரு கேள்வியை எழுப்பினாள். கைதட்டு வந்தது, பாதியில் நின்றது. மணி பத்து இருபது.

“இப்போது ஏற்புரையும் நன்றியுரையும். பாதுகாவலர் ஹனீப் அவர்கள்.”

ஹனீப் எழுந்தார். மைக் பிடித்துப் பழக்கமில்லாதவர், உட்கார்ந்து பேச வரவில்லை. ஜேபியிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். நாலு பக்கம். ஐந்து நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது. “கருணையும் கருத்துச் செறிவும் ஒருங்கே அமையப்பெற்ற சான்றோர்களே” என்று ஆரம்பித்தார். அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வாப்பா” என்றாள் அஃப்ஷா.

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், பக்கத்தைத் திருப்பினார். மணி பத்து இருபத்தாறு. சுலைகா நாற்காலியைத் தள்ளிப்பார்த்தாள், அது அசையவில்லை. அதற்கு பிரேக் உண்டென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. நாற்காலியைப் பற்றிப் பதினோரு பதிவு போட்டிருந்தார்கள். பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. எதிரே பத்துப் பேர் இருந்தார்கள், எல்லோரும் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார்கள், கொள்கைப்படி ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்து நின்றிருந்த ஒரே மனுஷர் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

கேட்டிலிருந்து பள்ளிக்கூட வாட்ச்மேன் வந்தான். வாயில் பான். “அரே, டைம் ஹோ கயா” என்றான். குனிந்து சக்கரத்துப் பக்கம் எதையோ தட்டினான், கைப்பிடியைப் பிடித்தான், தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பத்தெண்ணுவதற்குள் காரியம் முடிந்தது. கேட் சாத்தப்பட்டது.

ஹனீப்புக்கு இன்னும் இரண்டு பக்கம் பாக்கி.

சபையில் வந்தனா, “அவர் அனுமதி கேட்டாரா?” என்றாள். கேட்கவில்லை. “நின்றுகொண்டுதானே தள்ளினார்?” ஆமாம், நின்றுகொண்டேதான். வேங்கடசுப்ரமணியன் முகம் கறுத்துவிட்டது. ஆறு வருஷ உழைப்பை ஒருத்தன் பான் மென்றுகொண்டே மிதித்துவிட்டானே என்று அவருக்கு வயிறு எரிந்தது. மத்தியானமே பதிவு வந்தது: ‘முறைப்படுத்தப்படாத உதவி: ஒரு கண்டனம்’.

சாயங்காலம் அஃப்ஷா வீட்டுக்கு வந்தபோது, ஹனீப் மொபைலைக் கையில் வைத்து ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார். ‘அந்த வாட்ச்மேன் என் உரையை முடிக்க விட்டிருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து’ என்ற அவருடைய வரிக்குப் பத்தொன்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

“வாப்பா, பரீட்ச எப்படி எழுதுனேன்னு கேக்க மாட்டியளா?”

“கேக்காம இருப்பேனா? அதுக்குத்தான் ஒரு பதிவு போட்டிருக்கேன். நீ அதுல கீழ வந்து எழுதிரு புள்ள. நாலு பேரு பாக்கட்டும்.”

அஃப்ஷா இங்கிலீஷ் மீடியம். அவளுக்குத் தமிழ் எழுத வராது.