இறக்கம் வராத இரண்டாம் பாதி

நன்றாகப் பந்து உதைத்தவன் ஆட்களையும் நன்றாக நடத்துவான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் ஒரு மதியம் வரைக்கும் நானும் அவர்களில் ஒருவன்.

சேலத்தில் ஒரு மில் அணிக்குப் பல வருஷம் ஆடினேன். முழங்கால் கைவிட்டதும் கொல்லிமலைக்கே திரும்பி, குண்டனி நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) எங்கள் கால்பந்து கிளப்புக்கு மேனேஜர் ஆனேன். அதுவரை மேனேஜராக இருந்தவர் என் மனைவியின் அண்ணன். மிளகு வியாபாரி. பந்தைக் கையால்கூடத் தொட்டதில்லை.

"மாப்ள, நீங்க வெளையாடுன ஆளுங்க. நீங்களே பாருங்க" என்று அவராகவே ஒதுங்கிக்கொண்டார். நான் உடனே ஒரு கூலிங் கிளாஸும் விசிலும் வாங்கினேன். (விசில் ரெஃப்ரிக்குத்தான் வேண்டும், மேனேஜருக்கு அல்ல என்பது தெரிந்தேதான்.)

எங்கள் மைதானம் மலைச்சரிவில் இருக்கிறது. ஒரு கோல் மேலே, இன்னொன்று கீழே மரவள்ளிக் காட்டோரம். டாஸ் ஜெயித்தவன் முதல் பாதியில் மேட்டைப் பார்த்து ஆடுவான், கோல் விழாமல் காப்பான். இரண்டாம் பாதியில் இறக்கம் கிடைக்கும். பந்தைத் தட்டிவிட்டால் போதும், அதுவே உருண்டு போகும். இதுதான் எங்கள் வழக்கம்.

நான் மேனேஜரான பின் முதல் ஆட்டம் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில். ஜெயித்தால் மாவட்ட லீக்கில் சேர்த்துக்கொள்வார்கள். தோற்றால் இன்னும் ஒரு வருஷம் எங்களுக்குள்ளேயே உதைத்துக்கொள்ள வேண்டியதுதான். காட்டு வேலை முடித்த களைப்போடு தினமும் ஓடிப் பழகியிருந்தார்கள் எங்கள் ஆட்டக்காரர்கள்.

வேன் வளைவுகளில் இறங்க இறங்க, என் குடல் மேலே ஏறியது. (மலையில் பிறந்தவன்தான். வெளியே சொல்லிவிடாதீர்கள்.) போய்ச் சேர்ந்ததும் மரத்தடி நாற்காலியில் சாய்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, டாஸ் எங்களுக்குத்தான் என்று காதில் விழுந்ததும் கண்ணை மூடியபடியே உத்தரவு போட்டேன்: "மொதப் பாதியில ஒருத்தரும் முன்னால போகாதீங்க. கோலைக் காப்பாத்துனாப் போதும். ரெண்டாவது பாதியில பாத்துக்கலாம்."

கேப்டன் மாதேசு தயங்கினான். "இங்கயுமுங்களா சார்?"

"சொன்னதைச் செய் கண்ணு."

செய்தார்கள். அத்தனை பேரும் எங்கள் கோல் முன்னால் நெருக்கியடித்து நின்றார்கள். எதிரணி இரண்டு கோல் போட்டது. நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. இடைவேளையில் எழுந்து நின்று, "இனி நமக்கு எறக்கம்! தட்டி வுடுங்க, தானா உருளும்!" என்றேன்.

மாதேசு மெதுவாகக் கேட்டான்: "ஏனுங்க சார், எறக்கம் எந்தப் பக்கமுங்க?"

கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தேன். மைதானம் தோசைக்கல் மாதிரி கிடந்தது. இப்படிப்பட்ட மைதானங்களில் ஆடித்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன்.

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"நீங்க சேலத்துல ஆடுன ஆளு. ஏதோ காரணத்தோடதான் சொல்றீங்கன்னு நெனச்சோமுங்க."

இரண்டாம் பாதியில் எங்கள் சடையன் ஒருவன்தான் எதிரணியைத் தாண்டினான். தாண்டியவன் பழக்க தோஷத்தில் பந்தை லேசாகத் தட்டிவிட்டு, கோல் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி நின்றான், பந்து உருண்டு வருமென்று. பந்து தட்டிய இடத்திலேயே இருந்தது. எதிரணிக் கோல்கீப்பரும் அவனோடு சேர்ந்து எட்டிப் பார்த்தார்.

நான்கு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். லீக் போயிற்று. வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாதேசு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்துக்குங்க சார். இனி ஏத்தமுங்க" என்றான்.

வீட்டு வாசலில் என் மனைவி, "யாருங்க ஜெயிச்சது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், வேனில் கூடவே வந்திருந்த மச்சான் பதில் சொன்னார்: "தரை."

இன்றும் எந்த ஊருக்குப் போனாலும், மாதேசு ஒரு எலுமிச்சம்பழத்தை நடு மைதானத்தில் வைத்து, உருளவில்லை என்று எனக்குக் காட்டிவிட்டுத்தான் டாஸுக்குப் போகிறான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு வந்தாள் என் மகள். விசாரிக்கலாம் என்று குரலைச் செருமினேன்.

"ரெண்டாவது பாதியில எறக்கம் வருமுங்கப்பா. மார்க்கு தானா உருளும்."

அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.